ஆம்பியன்ட் என்றால் சூழிசை

அக்கா மகன் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் இருக்கிறான். பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, இரவில் கணினியில் இசை. போன மாதம் சின்ன சுயாதீன இசை வெளியீட்டு லேபிள் ஒன்று அவனுடைய நான்கு உருப்படிகளை இணையத்தில் வெளியிட்டது. பாட்டு இல்லை, தாளமும் அநேகமாக இல்லை. நீண்டு மிதக்கும் சுரங்கள், அவற்றுக்கிடையில் மெல்லிய மெட்டு ஒன்று வந்து வந்து போகிறது. "மாமா, மெலோடிக் ஆம்பியன்ட் எலெக்ட்ரானிக்னு போட்டிருக்காங்க. தமிழ்ல எப்படி எழுதுறது?" என்று கேட்டான்.

மெலோடிக் என்பதற்கு மெட்டு இருக்கிறது. எலெக்ட்ரானிக்குக்கு மின்னணு என்பது பள்ளிப் பாடநூல் வரைக்கும் பழகிவிட்ட சொல். ஆம்பியன்ட்தான் யோசிக்க வைத்தது.

அதன் வேர் லத்தீனில் இருக்கிறது. 'ஆம்பி' என்றால் சுற்றி, 'ஈரே' என்றால் போதல். இரண்டும் சேர்ந்த 'ஆம்பீரே' சுற்றி வருதலையும் சூழ்தலையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றுக்கும் வெப்பத்துக்கும் அடைமொழியானது. அக்கா மகனுக்கும் தொழிற்சாலை வழியாகத்தான் முதலில் தெரியும். இயந்திரம் நிற்கும் அறையின் வெப்பநிலையை அங்கே 'ஆம்பியன்ட் டெம்பரேச்சர்' என்பார்கள். மலாயிலும் 'அம்பியன்' என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இசைக்கு இந்தப் பெயரை நிலைக்க வைத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. 1975-இல் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த தோழி, யாழ் போன்ற ஹார்ப் வாசிப்பு அடங்கிய இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ஈனோ சிரமப்பட்டு எழுந்து அதைப் போட்டுவிட்டுப் படுத்த பிறகுதான், சத்தம் மிகக் குறைவாக இருப்பதும் ஒரு பக்க ஒலி வராததும் தெரிந்தது. மறுபடி எழுந்து சரிசெய்ய உடம்பில் தெம்பில்லை. அப்படியே கேட்டார். வெளியே பெய்த மழையின் ஓசைபோல, அறையின் வெளிச்சம்போல, அந்த இசையும் அந்த இடத்தின் பகுதியாக அவருக்குப் பட்டது. 1978-இல் விமான நிலையங்களுக்கென்று அவர் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பிலேயே ஆம்பியன்ட் என்ற சொல் ஏறியது. கவனித்துக் கேட்டாலும் சரி, கவனிக்காமல் உங்கள் வேலையைப் பார்த்தாலும் சரி, இரண்டுக்கும் அது இடம் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். (பிரான்சின் இசையமைப்பாளர் எரிக் சத்தி 1917-லேயே நாற்காலி மேசைபோல அறையில் கிடக்கும் 'தளவாட இசை' ஒன்றைக் கற்பனை செய்திருந்தார்.)

சரி, தமிழுக்கு வருவோம். பலரும் முதலில் சொல்வது 'பின்னணி இசை'. நமக்கு அது திரைப்படச் சொல். கதை முன்னால் ஓட, இசை அதற்குப் பின்னால் வரும். ஆம்பியன்டில் முன்னால் எதுவுமே இல்லாதபோது எதற்குப் பின்னணி? 'வளிமண்டல இசை' என்றும் எழுதுகிறார்கள். அட்மாஸ்பெரிக் என்ற சொல்லைப் பிய்த்து மொழிபெயர்த்தது அது. படித்தால் வானிலை அறிக்கை ஞாபகம்தான் வருகிறது. 'சூழலிசை' பரவாயில்லை. ஆனால் சூழலியல், சுற்றுச்சூழல் என்று பழகிவிட்டதால், காடு வளர்ப்புக்கான பாட்டோ என்று நினைக்க வாய்ப்புண்டு.

நான் எழுதிக் கொடுத்தது 'சூழிசை'. சூழ் என்ற வினையோடு இசை நேராகச் சேர்கிறது. ஊறுகாய், அலைகடல்போல இது வினைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலமும் அதில் அடங்கும். சூழிசையும் அப்படித்தான்: சூழ்ந்த இசை, சூழ்கின்ற இசை, சூழும் இசை. தொடக்கமும் முடிவும் காதில் தட்டுப்படாத ஒரு இசைக்குக் காலம் காட்டாத பெயர் கிடைத்ததில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

இன்னொன்றையும் கவனித்தேன். ரோமில் வாக்குக் கேட்டு ஊரைச் சுற்றி வந்தவர்களின் செயலை 'ஆம்பீரே'யிலிருந்து பிறந்த சொல்லால்தான் குறித்தார்கள். ஆங்கிலத்தின் 'ஆம்பிஷன்' அங்கிருந்து வந்தது. நம்முடைய 'சூழ்' வினையும் வெறும் சுற்றுதலோடு நிற்கவில்லை. ஒரு காரியத்தை எல்லாப் பக்கமும் வைத்து எண்ணிப் பார்ப்பது 'சூழ்தல்'. "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்" என்று குறள் சொல்லும்போது சூழ்ச்சி என்பது நல்ல ஆலோசனைதான். சதி என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள், தொடர்பே இல்லாத இரண்டு வேர்கள், இரண்டுமே சுற்றுவதில் தொடங்கி மனிதனின் நோக்கத்தில் போய் நிற்கின்றன.

நீண்டு ஒலிக்கும் ஒற்றைச் சுரத்துக்கு, ஆங்கிலத்தில் 'டுரோன்' என்பதற்கு, புதுச்சொல் தேட வேண்டாம். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரே சுரத்தை விடாமல் பிடிப்பது ஒத்து. 'ஒத்து ஊதுறான்' என்று திட்டுகிறோமே, அதே ஒத்துதான். பினாங்கின் ஜார்ஜ்டவுன் குயின் தெரு மாரியம்மன் கோயில் பக்கம் வளர்ந்த காதுக்கு அந்த ரீங்காரம் அந்நியமே இல்லை. நாதஸ்வரத்தில் அது ராகத்தைத் தாங்கி நிற்கும். சூழிசையிலோ சில சமயம் அது மட்டுமே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் அவனுடைய இணையப் பக்கத்தில் 'மெட்டுள்ள மின்னணுச் சூழிசை, நான்கு உருப்படிகள்' என்று ஏற்றினான். அக்கா அதைப் படித்துவிட்டு, இரவில் தோசை மாவு அரைக்கும்போது போட்டுக் கேட்டதாகப் போனில் சொன்னாள்.