படத்தில் இருப்பது பூனை என்று சொன்னவர்கள்

செயற்கை நுண்ணறிவின் வளர்ச்சியைப் பற்றிய பேச்சில் ஜெஃப்ரி ஹிண்டன், யான் லெகுன், யோஷுவா பெஞ்சியோ ஆகிய மூன்று பெயர்கள் தவறாமல் வரும். கணினித் துறையின் நோபல் எனப்படும் டியூரிங் விருது 2018-க்கு மூவருக்கும் சேர்த்தே கிடைத்தது. தகுதியானவர்கள்தான். ஆனால் இயந்திரம் கற்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், வேறொரு பெருங்கூட்டமும் கண்ணில் படும்.

மூளை நரம்புகளின் இணைப்பைப் பார்த்து வடிவமைத்த கணக்கு அமைப்புதான் நரம்பு வலையமைப்பு. அதற்குள் ஒரு படம் போகும்போது அது வெறும் எண்கள்தான். அந்த எண்களை 'எடை' எனப்படும் வேறு எண்களால் பெருக்கி, கூட்டி, அடுக்கு அடுக்காகக் கடத்தினால், கடைசியில் "நாய் 70 சதவீதம், பூனை 20 சதவீதம்" என்பதுபோல ஒரு ஊகம் வரும். தொடக்கத்தில் எடைகள் மனம்போன போக்கில் இட்டவை. அதனால் ஊகமும் தாறுமாறாகத்தான் இருக்கும். சரி, படத்தில் இருப்பது பூனை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஊகம் எவ்வளவு தவறு என்று அளக்கலாம். அந்தத் தவறில் ஒவ்வொரு எடைக்கும் எவ்வளவு பங்கு என்று கடைசி அடுக்கிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, தவறு குறையும் பக்கமாக ஒவ்வொன்றையும் துளி நகர்த்துவார்கள். அப்புறம் அடுத்த படம். இப்படியே லட்சக்கணக்கான முறை. பேக்ப்ராபகேஷன் எனப்படும் இந்த முறையை 1986-இல் ரூமெல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை பரவலாக்கியது. பால் வெர்போஸ் 1974-லேயே தன் முனைவர் பட்ட ஆய்வில் இதன் அடிப்படையைச் சொல்லியிருந்தார்.

எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் படத்தில் இருப்பது பூனை என்று முதலில் யாராவது சொல்லியாக வேண்டுமே!

கணினி ஆய்வாளர் ஃபெய்-ஃபெய் லீ தொடங்கிய, பெயரிட்ட படங்களைத் திரட்டும் இமேஜ்நெட் திட்டத்தில் இந்தக் கேள்விதான் பூதாகரமாக எழுந்தது. இணையத்தில் ஒரு பொருளின் பெயரைத் தேடினால் சம்பந்தமில்லாத படங்களும் வந்து கொட்டும். ஒவ்வொன்றையும் மனிதக் கண் பார்த்தே ஆக வேண்டும். மாணவர்களை வைத்துச் செய்தால் முடியவே முடியாது. ஆகவே, சிறு சிறு வேலைகளுக்குச் சில்லறைக் கூலி தரும் அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளத்துக்குப் போனார்கள். 167 நாடுகளிலிருந்து சுமார் 49,000 பேர் இந்த வேலையைச் செய்தார்கள். ஒருவர் சொன்னால் போதாது. ஒரே படத்தைப் பலர் பார்த்து வாக்களித்தார்கள். 'பூனை' என்றால் சில வாக்குகளிலேயே தெளிவாகிவிடும். 'பர்மியப் பூனை' என்றால் கூடுதல் பேர் தேவைப்பட்டார்கள். இப்படிச் சேர்ந்தவை 1.4 கோடிக்கும் மேற்பட்ட படங்கள்.

அவற்றில் சுமார் 12 லட்சத்தை வைத்துத்தான் படத்தில் இருப்பதைக் கணினி கண்டுபிடிக்கும் 2012 இமேஜ்நெட் போட்டியில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர், ஹிண்டன் அணி தன் வலையமைப்பைப் பழக்கியது. ஐந்து ஊகங்களுக்குள் சரியான விடை வராத விகிதம் அடுத்த அணிக்கு 26 சதவீதம், இவர்களுக்கு 15. அடிப்படைக் கணக்கு 1986-இல் சொன்னதுதான். கூடுதலாக வந்தவற்றுள் முக்கியமானவை வேகமான கிராபிக்ஸ் கார்டுகளும், மனிதர்கள் பெயரிட்ட அந்தப் படங்களும்.

உரை எழுதக் கற்கும் நரம்பு வலையமைப்புகளான மொழி மாதிரிகளுக்கு (மாடல்களுக்கு) இந்தத் தொல்லை பாதி குறைவு. அடுத்து வரும் சொல் எது என்பதற்கான விடை உரைக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் நல்ல பதில் எது என்று உரை சொல்லித் தராது. 2022-இல் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓபன்ஏஐ வெளியிட்ட ஆய்வில் சுமார் 40 ஒப்பந்தப் பணியாளர்கள் மாதிரிப் பதில்கள் எழுதினார்கள். இயந்திரம் தந்த பதில்களைத் தரவரிசைப்படுத்தினார்கள். அந்த வரிசைகளிலிருந்து மனித விருப்பத்தைக் கணிக்கும் இன்னொரு மாடல் உருவானது. மொழி மாதிரி அதனிடம் நல்ல மதிப்பெண் வாங்கப் பழகியது. இப்படிப் பழகிய 130 கோடி எடைகள் கொண்ட மாதிரியின் பதில்களை, 17,500 கோடி எடைகள் கொண்ட அதே நிறுவனத்தின் பழைய மொழி மாதிரியான ஜிபிடி-3-இன் பதில்களைவிட மதிப்பிட்டவர்கள் அதிகம் விரும்பினார்கள். நூறு மடங்குக்கும் மேலான பருமனை அந்த நாற்பது பேரின் உழைப்பு ஈடுகட்டியது.

அந்த ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையில் பணியாளர்கள் பலரின் பெயர்கள் இருக்கின்றன. இந்த வழக்கம் எல்லா நிறுவனங்களுக்கும் பரவ வேண்டும்.