அடுத்தடுத்து இழப்பவர்களுக்குத் துக்கம் பழகிப்போவதில்லை

முதல் சாவுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் வருவார்கள். இரண்டாவதற்குப் பாதிப் பேர். மூன்றாவதும் நடந்துவிட்டால், இதற்கு மேல் என்ன சொல்லி ஆற்றுவது என்று தெரியாமல் பலரும் போனில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். துக்க ஆலோசகராக இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இழப்பு கூடக் கூட ஆதரவு குறைகிறது. அதற்குச் சொல்லப்படும் சமாதானமும் ஒன்றுதான்: 'பாவம், அவங்களுக்கு இதெல்லாம் பழகியிருக்கும்.'

பழகாது. காரியங்கள்தான் பழகும். குறுகிய காலத்தில் மூன்று பேரைப் பறிகொடுத்த ஒரு பெண்மணி (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) சொன்னார்: "இறப்புச் சான்றிதழுக்கு எத்தனை நகல் எடுக்கணும், எந்த பாரத்துல எங்கே கையெழுத்துன்னு எல்லாம் மனப்பாடம். ஆனா தம்பி போனதுக்கு எனக்கு அழுகையே வரலை. என் மனசு கல்லாயிடுச்சா?" அடுத்த வாரமே, மூக்குக்கண்ணாடி உடைந்ததற்கு ஒரு மணி நேரம் தேம்பி அழுதாராம். சொல்லும்போதே வெட்கப்பட்டார்.

அவர் மனசு கல்லாகவில்லை. ஒரு சாவின் துக்கம் ஆறுவதற்குள் அடுத்தது வந்து விழுந்தால், எதற்கு அழுவதென்று மனசுக்கே பிடிபடாது. ராபர்ட் காஸ்டன்பாம் என்ற உளவியலாளர் 1969-லேயே இந்தத் துக்கச் சுமையைப் பற்றி எழுதினார். துணை, உடன்பிறந்தோர், நண்பர்கள் என்று வரிசையாக இழக்கும் முதியவர்கள்தான் அவர் மனதில் இருந்தார்கள். பின்னர் எய்ட்ஸ் பரவிய ஆண்டுகளில் நட்பு வட்டத்தையே இழந்த இளைஞர்களுக்கும் இது பொருந்தியது. மரத்துப்போவது, சின்ன விஷயத்துக்கு வெடிப்பது, தூக்கம் கெடுவது, போன் அடித்தாலே 'அடுத்து யார்?' என்று பதறுவது எல்லாம் இதில் சகஜம். யாருக்காக அழுதோம், யாருக்காக அழவில்லை என்ற குற்ற உணர்ச்சி வேறு.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு, அதைத்தான் நாம் கவனிப்பதில்லை. அப்பா போனபோது தோள் கொடுத்தவர் அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்த அண்ணனே இல்லை. மிச்சமிருக்கும் அக்காவும் அதே துக்கத்தில் இருக்கிறார். 'குடும்பம் பார்த்துக்கொள்ளும்' என்ற கணக்கு இங்கே உதைக்கிறது. அதனால்தான் கொஞ்சம் தள்ளி இருப்பவர்கள், அதாவது அக்கம்பக்கத்தார், கூட வேலை பார்ப்பவர்கள், பழைய நண்பர்கள், முன்னால் வர வேண்டியிருக்கிறது.

வந்து என்ன செய்வது? 'ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறோம். ஆனால் ஓய்ந்து கிடப்பவர் என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று யோசிக்கவே தெம்பில்லாமல் இருப்பார். 'வியாழக்கிழமை பிள்ளைகளை நான் பள்ளியிலிருந்து கூட்டிவருகிறேன்', 'வங்கிக்கு நானும் கூட வருகிறேன்' என்று வேலையையும் நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான்கைந்து பேர் பேசிவைத்துக்கொண்டு ஆளுக்கொரு வேலையாக எடுத்தால் யாருக்கும் சலிப்புத் தட்டாது. முதல் வாரத்தில் எல்லோரும் குவிவதைவிட, கூட்டம் கலைந்த மூன்றாவது மாதத்தில் ஒருவர் தொடர்ந்து வருவது பெரிது என்பேன்.

அப்புறம், இறந்தவர்களின் பெயரைச் சொல்லத் தயங்க வேண்டாம். கடைசியாகப் போனவரைப் பற்றியே எல்லோரும் கேட்க, முன்னால் போனவர் மறக்கப்பட்டுவிட்டாரே என்று மனசுக்குள் வெதும்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாகப் பேச இடம் கொடுங்கள். அதேசமயம் எப்போதும் துக்கமே பேச வேண்டும் என்றும் இல்லை. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற துக்க ஆய்வாளர்கள் 1999-இல் விளக்கியபடி, துக்கப்படுபவர் இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் இடையே போய்வந்துகொண்டே இருப்பார். காலையில் அழுதவர் மாலையில் ஒரு ஜோக்குக்குச் சிரித்தால், சரி, கூடச் சேர்ந்து சிரியுங்கள்.

இதே அனுபவம் உள்ளவர்கள் கூடும் ஆதரவுக் குழு கிடைத்தால் நல்லது. அங்கே 'மறுபடியுமா?' என்ற அதிர்ச்சி யார் முகத்திலும் தெரியாது. ஆனால் ஒரு சாவு நடந்த மறுவாரமே குழுவுக்கு இழுத்துப்போவதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்தவர் கதையைக் கேட்கும் தெம்பு வரட்டும்.

சுற்றம் மட்டும் போதாத நேரமும் உண்டு. ஆறு மாதம், ஒரு வருடம் கடந்தும் ஏக்கம் தணியாமல், வேலை, சாப்பாடு, உறவு எல்லாம் முடங்கிக் கிடந்தால் அது நீடித்த துக்கக் கோளாறாக இருக்கலாம். 2022 முதல் நடைமுறையில் இருக்கிற உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்ற, சிகிச்சையுள்ள பிரச்சினை அது. 'நானும் அவங்களோடயே போயிருக்கலாம்' என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 'ஆமாம்' என்றால் மருத்துவரிடமோ அவசர உதவி எண்ணிலோ நீங்களே பேசுங்கள், உதவி வந்துசேரும்வரை அவரைத் தனியே விடாதீர்கள்.