பிள்ளை பெற்ற உடம்பும் பக்கவாதமும்

பக்கவாதம் என்றால் அறுபதைத் தாண்டியவர்களுக்கு, சர்க்கரையும் பிரஷரும் இருப்பவர்களுக்கு வருவது என்றுதான் நினைக்கிறோம். அதனால் இருபத்தைந்து வயதில் ஒருவருக்கு வந்தால் வீட்டில் யாருக்கும் சந்தேகம்கூட வருவதில்லை. பிரஷர், சர்க்கரை, பீடி, சிகரெட், குடி எல்லாம் இளைஞர்களுக்கும் ஆபத்துதான். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டிருந்தால், இதயத்தில் உறைந்த ரத்தம் மூளைக்குப் போய் அடைக்கலாம். சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி எடுப்பார்களே, அதில் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களும் உண்டு. அபூர்வம்தான். இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது, பிரசவம் முடிந்த பெண்களுக்கு வரும் பக்கவாதம்.

வழக்கமான பக்கவாதத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபடும், இல்லை வெடிக்கும். இதில் பல சமயம் அடைபடுவது, மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்து வரும் சிரை. காவேரிப்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக் கால்வாய் தூர்ந்தால் ஏரி காயும்; தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது உபரி நீர் வெளியேறும் கலங்கல் அடைத்தால் கரைக்கே ஆபத்து. சிரை அடைபட்டால் ரத்தம் தேங்கி, தலைக்குள் அழுத்தம் ஏறி, மூளை வீங்கும். சில சமயம் ரத்தக் கசிவும் ஆகும்.

பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடக் கூடாது என்று உடம்பு முன்கூட்டியே தயாராகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் கூடுகின்றன. உறைதலைத் தடுக்கும் 'புரதம் எஸ்' குறைகிறது. குழந்தை பிறந்து 6 வாரம் வரையாவது இந்த நிலை நீடிக்கும். இதோடு ரத்தசோகையும் நீர்ச்சத்துக் குறைவும் சேர்ந்தால் உறைவது இன்னும் எளிது.

நம் பக்கத்துப் பத்தியம் இங்கேதான் இடிக்கிறது. சித்திரை வெயில், வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஜன்னல் சாத்திய அறையில், காதில் பஞ்சு, தலையில் துண்டோடு பச்சை உடம்புக்காரி படுத்திருப்பாள். தாகம் என்று கேட்டால் அரை டம்ளர் வெந்நீர். "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும்" என்பார்கள். வியர்வையிலும் தாய்ப்பாலிலும் போகிற நீரை யார் ஈடுகட்டுவது? பிரசவக் காய மருந்தும் பூண்டுக் குழம்பும் தாராளமாகக் கொடுங்கள்; தண்ணீரை மட்டும் அளக்காதீர்கள்.

இந்த நோய் பெரும்பாலும் தலைவலியில்தான் தொடங்கும். நாளுக்கு நாள் கூடும், படுத்தால் அதிகமாகும், மாத்திரைக்கு அடங்காது. அப்புறம் வாந்தி, மங்கலான பார்வை, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போவது. வலிப்பைப் பார்த்ததும் ஜன்னி, காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போனால் கைமீறிவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள். பிரசவம் ஆகி எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சாதாரண சி.டி. ஸ்கேனில் இது சில நேரம் பிடிபடாது. சிரைகளைத் தனியாகக் காட்டும் ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும்.

உறைந்தது மேலும் வளராமல் தடுக்க ஹெப்பாரின் ஊசி போடுவார்கள். சிரை அடைப்பால் மூளையில் கசிவு இருந்தாலும் பெரும்பாலும் இதுதான் சிகிச்சை. பயந்து மறுக்க வேண்டாம். நேரத்தோடு வந்தவர்களில் பெரும்பாலானோர் நன்றாகவே தேறுகிறார்கள். பிறகு சில மாதங்கள் மாத்திரை தொடரும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை இவர்கள் எடுக்கக் கூடாது. மறுபடி கருத்தரித்தால், முதல் செக்கப்பிலேயே பழைய ரிப்போர்ட்டைக் காட்டிவிட வேண்டும்.