முதல் கேள்வியையே கேட்காமல் எத்தனை வருட வைத்தியம்?

மறுபடியும் அதே கதை. இன்னும் நாற்பதைத் தொடாத மனிதர். ஒரு மாடி ஏறினால் மூச்சு இரைக்கிறது. முதலில் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். சரியாகவில்லை என்றதும் மனப்பதற்றம் என்று மாத்திரை. அதற்கும் அடங்கவில்லை என்றதும் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஃபைல் தலையணை கனத்துக்கு இருக்கிறது. சிகரெட் உண்டா, வீட்டில் பூனை உண்டா, தரையில் கம்பளம் உண்டா, எல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ராணுவத்தில் இருந்தாரா என்று மட்டும் ஒரு வரி கிடையாது. இருந்திருக்கிறார். இராக்கில், பலாத் விமானத் தளத்தில், லாரி மெக்கானிக்காக இரண்டு முறை.

"யாரும் கேட்கவில்லை டாக்டர், நானும் சொல்லவில்லை" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நம் ஆட்கள்மேல்தான் கோபம்.

நான் நுரையீரல் மருத்துவன். அமெரிக்காவில், டென்னஸி–கென்டக்கி மாநில எல்லையில், ஃபோர்ட் கேம்ப்பெல் ராணுவ முகாமுக்குக் காரில் போய்வரும் தூரத்தில் தொழில் செய்கிறேன். மளிகைக் கடை வரிசையில் நின்றால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் படையில் இருந்தவராக இருப்பார். இந்த ஊரிலேயே அந்தக் கேள்வி விட்டுப்போகிறது என்றால், மற்ற ஊர்களில் பயிற்சி பெறும், வேலை பார்க்கும் நம் தமிழ் மருத்துவர்கள் எத்தனை பேர் அதைக் கேட்கிறார்கள்? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளை படையில் சேர ஆசைப்படுகிறான் என்று என்னிடம் யோசனை கேட்கும் பெற்றோருக்கும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

பலாத் என்றதும் நுரையீரல்காரன் நிமிர்ந்து உட்கார வேண்டும். அங்கே இருந்த எரிகுழி ஏறத்தாழ 10 ஏக்கர். பிளாஸ்டிக், டயர், பேட்டரி, பெயிண்ட், மருத்துவக் கழிவு, மனிதக் கழிவு, உடைந்த வண்டிப் பாகம், எல்லாவற்றையும் கொட்டி, விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்துவார்கள். இரவும் பகலும் எரியும். வீரர்கள் தூங்குவது அந்தப் புகையில்தான். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் தளத்துக்குத் தளம் இதுதான் நடைமுறை. தெரியாமல் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2006 டிசம்பரிலேயே பலாத்தில் பணியில் இருந்த விமானப்படைச் சுகாதாரப் பொறியாளர் ஒருவர் இது உடல்நலத்துக்கு ஆபத்து என்று எழுத்தில் எச்சரித்திருந்தார். புகை அதற்கப்புறமும் வருடக்கணக்கில் நிற்கவில்லை.

"எக்ஸ்ரே நார்மல் சார்" என்று சொல்லும் இளம் மருத்துவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். என் வீட்டு வாசலில் நடந்த ஆய்வையே சொல்கிறேன். ஃபோர்ட் கேம்ப்பெல்லில் காரணம் புரியாத மூச்சிரைப்போடு இருந்த 80 வீரர்கள் நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் 49 பேருக்கு நுரையீரல் திசு எடுத்துப் பார்த்தார்கள். 38 பேருக்குச் சிறு மூச்சுக்குழாய்கள் வடுப்பட்டுச் சுருங்கும் நோய். அவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரே, சி.டி., ஊதிப் பார்க்கும் சோதனை எல்லாம் நார்மல் அல்லது அதற்கு மிக அருகில். 2003இல் மோசுல் அருகே வாரக்கணக்கில் எரிந்த கந்தகச் சுரங்கத் தீயில் சிக்கியவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய. ஆய்வு வெளிவந்தது 2011இல். அதைப் படித்துவிட்டு எல்லோரையும் திசுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை, அது வேறு விவாதம். சோதனை நார்மல் என்ற ஒரே காரணத்துக்காக "மனசுதான் காரணம்" என்று எழுதாதீர்கள். அந்த ஒரு வரியை ஃபைலிலிருந்து துடைக்க அந்த மனிதருக்குப் பல வருடம் ஆகும்.

இனி என்னை மிகவும் எரிச்சலூட்டும் பேச்சுக்கு வருகிறேன். போன மாதம் ஒரு தமிழ்ப் பயிற்சி மருத்துவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டார்: "அதெல்லாம் விஏ பாத்துக்கும்ல சார்?"

விஏ என்பது முன்னாள் படைவீரர் நலத்துறை. அது பார்த்துக்கொள்ளும் என்று அமெரிக்கர்களும் நம்புகிறார்கள், நாமும் நம்புகிறோம். படையில் இருந்தாலே காலம் முழுக்க இலவச வைத்தியம், பென்ஷன், வீடு என்று ஊரில் பேசிக்கொள்கிறோம். உண்மை அப்படியில்லை. இந்த நாட்டில் முன்னாள் படைவீரர்கள் ஏறத்தாழ 1.8 கோடி பேர். விஏ மருத்துவத்தில் பதிவு செய்திருப்பவர்கள் அதில் பாதி. மீதிப்பேர் உங்கள் கிளினிக்கில், உங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பதிவு தானாக நடக்காது, விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடும் தானாக வராது. நோய் இருக்கிறது, படையில் ஒரு சம்பவம் நடந்தது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று மூன்றையும் பொதுவாக நோயாளிதான் காட்டியாக வேண்டும். எந்தப் புகை, எந்த நாள், எவ்வளவு என்று அளந்து வைத்தவர் யார்? எரிகுழிப் புகையில் இருந்தவர்களுக்கான 2022 சட்டம் (PACT Act) வருவதற்கு முந்தைய காலத்தில், எரிகுழியைக் காரணம் காட்டிப் போட்ட விண்ணப்பங்களில் முக்கால் பங்குக்கும் மேல் நிராகரிக்கப்பட்டன.

இது இராக்கோடு பிறந்த வழக்கமும் அல்ல. வியட்நாமில் 1962 முதல் 1971 வரை ஏஜெண்ட் ஆரஞ்சு முதலான களைக்கொல்லிகளைத் தெளித்தார்கள். அதைச் சுவாசித்த வீரர்களுக்கான ஏஜெண்ட் ஆரஞ்சு சட்டம் வந்தது 1991இல். அதே வருடம் வளைகுடாப் போருக்குப் போய்த் திரும்பியவர்கள் உடம்பு வலி, மறதி, ஓயாத அசதி என்று சொன்னபோது வருடக்கணக்கில் கிடைத்த பதில் "மன அழுத்தம்". எரிகுழிக்காரர்களுக்குச் சட்டம் 2022இல். அதன் பெயரிலேயே ஒரு மரணம் இருக்கிறது. ஒஹையோ மாநிலத் தேசியக் காவல்படையின் (பெரும்பாலும் பகுதிநேரமாகப் பணிபுரியும் படை) சார்ஜென்ட் ஹீத் ராபின்சன், நுரையீரல் புற்றுநோயால் 2020இல் இறந்தவர்.

அந்தச் சட்டம் வந்த விதத்தைப் பாருங்கள், இந்த நாட்டு அரசியல் பண்பாடு புரியும். 2022 ஜூனில் செனட்டில் 84க்கு 14 என்று நிறைவேறியது. நடைமுறைத் திருத்தம் ஒன்றுக்காகத் திரும்பி வந்தபோது, ஜூலை 27 அன்று, முன்பு ஆதரித்தவர்களிலேயே பலர் நிதி ஒதுக்கும் முறை பிடிக்கவில்லை என்று தடுத்து நிறுத்தினார்கள். நோயாளிகள் நாடாளுமன்றப் படிக்கட்டில் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 2 அன்று 86க்கு 11 என்று மறுபடி நிறைவேறியது. எட்டு நாள் கழித்துக் கையெழுத்தானது.

போருக்கு அனுப்பும்போது இந்த இழுபறி எதுவும் இருக்கவில்லை. 2001 செப்டம்பரில் அதிபருக்கு அந்த அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் கீழவையில் 420க்கு 1, செனட்டில் 98க்கு 0. எதிர்த்த அந்த ஒருவர் பார்பரா லீ. அவருக்கு வந்த கொலை மிரட்டல்களுக்காகப் போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. இராக் போருக்கு 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று 2002இல் வாய்விட்டுச் சொன்ன அதிபரின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சேக்கு அந்த வருடம் முடிவதற்குள் பதவி போயிற்று. அவர் சொன்னதும் மிகக் குறைவு என்று பிறகு தெரிந்தது. வரியை உயர்த்தவில்லை, 2001இலும் 2003இலும் குறைத்தார்கள். போர் கடனில் நடந்தது. 2001க்குப் பிந்தைய போர்களின் மொத்தச் செலவு 8 லட்சம் கோடி டாலர் என்று பிரவுன் பல்கலைக்கழகக் குழு 2021இல் கணக்கிட்டது. அதில் 2.2 முதல் 2.5 லட்சம் கோடி வரை, 2050 வரைக்குமான படைவீரர் மருத்துவமும் உதவித்தொகையும். குண்டு போட்டு முடித்த பிறகு வரும் பில் அது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதில் சண்டையிட்ட ஒருவருடைய மகளுக்கு மாதம் 73 டாலர் 13 சென்ட் உதவித்தொகை போய்க்கொண்டே இருந்தது. அவர் இறந்தது 2020இல்.

கட்டாய ராணுவ சேவை 1973இல் முடிந்த பிறகு போருக்குப் போகும் குடும்பங்கள் சுருங்கிவிட்டன. இன்று நூற்றில் ஒருவர்கூடப் படையில் இல்லை. 1970களின் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் பத்தில் ஏழு பேருக்கு மேல் படையில் இருந்தவர்கள். இப்போது இரண்டு பேர்கூட இல்லை. அந்த இடைவெளியைக் கைதட்டி நிரப்புகிறார்கள். விளையாட்டு மைதானத்தில் வீரரை அழைத்து நிறுத்தி எல்லோரும் எழுந்து தட்டுகிறோமே, அதில் சிலவற்றுக்குப் பாதுகாப்புத் துறையே அணிகளுக்குக் காசு கொடுத்தது என்று 2015இல் இரண்டு செனட்டர்கள் கணக்கோடு வெளியிட்டார்கள். தட்டுங்கள், நானும் தட்டுகிறேன். ஆனால் மருத்துவர் தட்டிவிட்டு மட்டும் போக முடியாது.

ஆகவே, முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். "நீங்கள் முன்னாள் படைவீரரா?" என்று கேட்டால் தேசியக் காவல்படையில் இருந்தவரும், சண்டைக்குப் போகாதவரும், பெண்களில் பலரும் இல்லை என்று தலையாட்டிவிடுவார்கள். எப்போதாவது ராணுவத்தில் வேலை செய்தீர்களா, எங்கே, எந்த வருடம், என்ன வேலை என்று கேளுங்கள். யாரையாவது சுட்டீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். நம்மவர்கள் ஆர்வக் கோளாறில் கேட்பதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

பதிலை ஃபைலில் எழுதுங்கள். எரிகுழி, மணற்புழுதி, எந்தத் தளம், பெயரோடு எழுதுங்கள். உங்கள் அந்த இரண்டு வரிதான் அவருடைய விண்ணப்பத்துக்குச் சாட்சி. 2022 சட்டப்படி, பட்டியலில் உள்ள இடத்தில் இருந்து, பட்டியலில் உள்ள நோய் வந்தால் தொடர்பை நிரூபிக்க வேண்டியதில்லை. படைக்குப் பின் கண்டறிந்த ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய், நான் மேலே சொன்ன மூச்சுக்குழாய் நோய், சார்காய்டோசிஸ், நுரையீரல் நார்த்தடிப்பு, பல வகைப் புற்றுநோய்கள் அந்தப் பட்டியலில் உண்டு. முன்பு நிராகரிக்கப்பட்டவர்களும் மறுபடி போடலாம். கடைசித் தேதி என்று எதுவும் இல்லை, இருப்பதாகப் பயமுறுத்துபவன் கமிஷன் பார்ப்பவன். 2024 மார்ச் 5 முதல், நச்சுப் புகையில் பணிபுரிந்தவர்கள் முதலில் இழப்பீடு கேட்காமலே விஏ மருத்துவத்தில் பதிவு செய்யலாம். முதல் விண்ணப்பத்துக்கு ஒருவரும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அதை மீறினால் தண்டனை என்ற பிரிவை 2006இல் நாடாளுமன்றமே எடுத்துவிட்டது. அந்தத் தைரியத்தில் ஆயிரக்கணக்கான டாலர் பிடுங்கும் கம்பெனிகள் கடை விரித்திருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்க ஊழியர் இதை இலவசமாகச் செய்வார். அவரிடம் அனுப்புங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து. இது என் துறை இல்லை என்றாலும் கேட்காமல் விட முடியாது. 2001க்குப் பிந்தைய போர்களில் நேரடியாக இறந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 7,000 பேர். அந்தத் தலைமுறையில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 30,000 பேருக்கு மேல் என்று அதே பிரவுன் குழுவின் 2021 கணக்கு சொல்கிறது. பெரும்பாலும் துப்பாக்கியால். தூக்கம் எப்படி என்று கேட்கும்போதே வீட்டில் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். விஏ இலவசப் பூட்டு கொடுக்கிறது. 988 அழைத்து 1 அழுத்தினால் படைவீரர்களுக்கான உதவி இணைப்பு. நெருக்கடி முற்றினால் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம். 2023 ஜனவரியிலிருந்து, விஏவில் பதிவு செய்யாதவர்களுக்கும் அந்தச் செலவை விஏ ஏற்கிறது. இது தெரியாமல் பில்லுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

பெற்றோருக்கு. பையன் போகட்டுமா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். "நாலு வருஷம்தானே அண்ணா, படிப்புச் செலவு மிச்சம்" என்கிறீர்கள். ஒப்பந்தம் பொதுவாக எட்டு வருடத்துக்கு. நான்கு வருடம் பணியில், மீதி அழைத்தால் வர வேண்டிய பட்டியலில். இராக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தவர்களையே விடாமல் நிறுத்தி வைத்தார்கள். கிரீன் கார்டோடு சேர்பவருக்குக் குடியுரிமை விரைவாகக் கிடைக்க வழி உண்டு, தானாகக் கிடைக்காது. போருக்குப் போய்வந்தும் விண்ணப்பம் போடாமல் விட்டு, பின்னால் ஒரு வழக்கில் மாட்டி நாடு கடத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். படையில் இருக்கும்போது வரும் ஒவ்வொரு இருமலையும் அங்குள்ள மருத்துவரிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். வீரம் காட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்களுக்குத்தான் பிறகு காட்ட ஒரு காகிதமும் இல்லாமல் போகிறது.

கடைசியாக, ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு. அந்தத் தளங்களில் சமைத்ததும், துணி துவைத்ததும், லாரி ஓட்டியதும் அமெரிக்கர்கள் மட்டுமல்ல. இந்தியா, நேபாளம், இலங்கை, பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து ஒப்பந்தக்காரர்கள் வழியாகப் போனவர்கள் ஏராளம். புகை பாஸ்போர்ட் பார்க்காது. 2022 சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் 1941இல் வந்த ராணுவத் தளத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (Defense Base Act), எந்த நாட்டவராக இருந்தாலும் பொருந்தும். பணம் தர வேண்டியது வேலை கொடுத்த கம்பெனியின் காப்பீட்டாளர். அமெரிக்கத் தொழிலாளர் துறையில் மனு போட வேண்டும். வேலையால் வந்த நோய் என்று தெரிந்ததிலிருந்து இரண்டு வருட வரம்பு உண்டு. வழக்குரைஞர், அந்தத் துறையின் ஒப்புதல் இல்லாமல் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, தளத்துக்குள் போக வாங்கிய அட்டை, எது கையில் இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் ஊர் டாக்டரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், இராக்கில் எந்தத் தளத்தில் எந்த வருடம் இருந்தேன் என்று சொல்லி அவர் கையால் சீட்டில் எழுதி வாங்குங்கள்.