மரபணுத் திருத்தம்: பொருத்தமான சொல்தானா?

ஜீன் எடிட்டிங்கை மரபணு மாற்றம், மரபணுத் தொகுப்பு, மரபணுத் திருத்தம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். முதலாவதைத் தள்ளிவிடலாம். வேற்று உயிரின் மரபணுவைக் கொண்டுவந்து நுழைப்பதற்கு அது பெயராக நிலைத்துவிட்டது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பி.டி. (Bt) உருளைக்கிழங்கு அப்படிப்பட்டது; வண்டைக் கொல்ல அதில் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்திருந்தார்கள். ஜீன் எடிட்டிங் வேறு வேலை: கிழங்கின் சொந்த மரபணுவில் ஓரிரு எழுத்தை, அதாவது டிஎன்ஏவின் வேதி அலகை, மட்டும் தொடுவது.

ஜீன் என்ற சொல்லை 1909இல் உண்டாக்கியவர் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன். பிறப்பு, குலம் என்ற பொருளுடைய கிரேக்க வேர் அது. நம் ‘மரபு’ அதற்கு வெகு அருகில் நிற்கிறது. ‘அணு’தான் கொஞ்சம் உறுத்தும், ஏனென்றால் ஒரு மரபணுவுக்குள் பல்லாயிரம் அணுக்கள் உண்டு. மிகச் சிறியது என்ற பழைய பொருளில் எடுத்துக்கொண்டால் சரி.

எடிட்டின் வேர் லத்தீன். வெளியே தருவது என்று பொருள். எடிட்டர் முதலில் பதிப்பாளர்தான், பிழை பார்ப்பதெல்லாம் அப்புறம் சேர்ந்தது. சினிமாவில் படத்தொகுப்பு என்கிறோமே, இங்கும் தொகுப்பு என்றே சொன்னால் என்ன? மரபணுக்களின் மொத்தத் திரட்டு என்று படித்துவிடுவார்கள். ஆகவே திருத்தம். திருத்தம் என்றால் பிழை நீக்குவதுதானே என்று கேட்கலாம். காடு திருத்தி வயலாக்கினார்கள் என்கிறபோது காட்டில் பிழை இருந்ததென்று யாரும் நினைப்பதில்லை. இங்கே வேண்டியது அந்தப் பொருள்தான்.

ஏனென்றால் ஆய்வகத்தில் பெரும்பாலும் நடப்பது பிழை நீக்கம் அல்ல, வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்துவது! செல் மரபணுவை மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது. ‘மரம் கடல் படம்’ என்பதில் முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மும்மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: ‘ரம்க டல்ப டம்’. மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கத்தரிக்கோல் போன்ற கருவி கிரிஸ்பர். அது வெட்டிய இடத்தைச் செல் அவசரமாக ஒட்டும்போது இப்படி எழுத்து விட்டுப்போவதுண்டு. அந்த மரபணு செயலிழக்கும்.

நறுக்கிய உருளைக்கிழங்கு கறுப்பது பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதியால். அர்ஜென்டினாவின் அரசு வேளாண் ஆய்வு நிறுவனமான இன்டாவின் ஆய்வாளர்கள் அதற்கான மரபணுக்களில் ஒன்றை இப்படிக் கெடுத்தார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வில் கிழங்கு கறுப்பது வெகுவாகக் குறைந்தது. குளிரில் வைத்த கிழங்கில் சர்க்கரை சேராமல் தடுப்பதும் இதே உத்திதான்.

ஒரு சிக்கல் உண்டு. பயிரிடும் உருளைக்கிழங்கில் பெரும்பாலானவற்றுக்கு மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் 48; பன்னிரண்டு வகை, வகைக்கு நான்கு. அதாவது ஒவ்வொரு மரபணுவுக்கும் நான்கு நகல்கள். நான்கிலும் எழுத்து விட்டுப்போக வேண்டும். மூன்றில் மட்டும் விட்டுப்போனால், மிஞ்சிய ஒன்று நொதியைச் செய்துகொண்டே இருக்கும்.