போனைப் பிடுங்குவதற்கு முன்

"எப்பப் பார்த்தாலும் போனும் கையுமாத்தான் இருக்கா மேடம். சுத்த சோம்பேறி." 23 வயது மகளை என்னிடம் அழைத்து வந்த அம்மா சொன்னது இது.

மகளிடம் தனியாகப் பேசினேன். இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பாள். லைக் குறைந்தால் அழித்துவிடுவாள். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தும் தோழி பதில் போடவில்லையா, அன்றைய தூக்கம் போச்சு. இதையா சோம்பேறித்தனம் என்பது? யார் முகம் சுளித்தாலும் 'நான் என்ன தப்புப் பண்ணினேன்?' என்று சின்ன வயதிலிருந்தே பதறுகிற மனசு அவளுக்கு.

அதே வாரம் வந்த கல்லூரிப் பையன் கதை வேறு. அவன் எதையும் பதிவிடுவதில்லை. விடிகாலை மூன்று மணிவரை ரீல்ஸ், நான்கு அரியர். தொடங்கியதை முடிக்காத பழக்கம் பள்ளியிலேயே இருந்திருக்கிறது. முடிவே இல்லாத திரை கைக்கு வந்ததும் அது முற்றிவிட்டது.

உளவியலில் ஆளுமையை ஐந்து பெரும் பண்புகளாகப் பார்க்கிறோம். சமூக ஊடகச் சிக்கலோடு ஆய்வுகளில் அடிக்கடி சேர்ந்து வருபவை இரண்டு: எளிதில் கலங்கும் இயல்பு, பொறுப்போடு திட்டமிடும் பழக்கம் குறைவாக இருப்பது. கலகலப்பானவர்களும் நிறைய நேரம் செலவிடுவார்கள். அதனாலேயே அது சிக்கலாகிவிடாது.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் 2012-இல் ஃபேஸ்புக்குக்காக உருவாகி, பின்னர் எல்லாச் சமூக ஊடகங்களுக்குமாக விரிந்த அளவுகோல் ஒன்று உண்டு. ஆறே கேள்விகள். 'தினமும் எத்தனை மணி நேரம்?' என்பது அதில் இல்லை. ஓயாமல் அதே நினைப்பா, மேலும் மேலும் வேண்டியிருக்கிறதா, சொந்தக் கவலையை மறக்கவா, குறைக்க முயன்று முடியவில்லையா, இல்லாவிட்டால் தவிப்பா, படிப்பும் வேலையும் கெடுகிறதா? மூன்றாவது கேள்வியில்தான் நான் அதிக நேரம் நிற்பேன்.

அந்தப் பெண்ணின் போனை வீட்டில் பீரோவில் பூட்டிப் பார்த்தார்கள். பதற்றம் கூடியதுதான் மிச்சம். படம் போட்டபின் அரை மணி நேரம் பார்க்காமல் இருப்பது, அப்புறம் ஒரு மணி நேரம் என்று தொடங்கினோம். பதற்றம் ஏறும், தானே இறங்கும். அதை அவள் அனுபவித்து அறிய வேண்டும். பையனுக்கு வேறு வழி: சார்ஜர் ஹாலுக்குப் போனது, படுக்கைக்கு அருகே அலாரம் கடிகாரம் வந்தது.

பிள்ளை சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், 'செத்துடலாம் போல இருக்கு' என்று சொன்னால் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.