'அதே மாதிரி' மருந்து: பட்டியல் சுருங்கினால் பிழையும் குறையும்

சேலத்தில் எழுதிய சீட்டை ஏற்காட்டு மலைக் கிராமத்துக் கடையில் நீட்டினால், "இது இல்லைங்க, அதே மாதிரி வேற இருக்கு" என்று பதில் வருவது சகஜம். அந்த 'அதே மாதிரி'யில்தான் ஆபத்து. சிறு கிளினிக் ஒவ்வொன்றும் தான் எழுதும் மருந்துகளை ஒரு சுருக்கமான பட்டியலாக்கிக்கொண்டால் அது குறையும்.

பாராசிட்டமாலையே பாருங்கள். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 150 மி.கி. சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றால் 6 மி.லி. கொடுக்கலாம், 250 மி.கி. என்றால் 3 மி.லி.தான். சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், அதனால் 1.5 மி.லி. போதும். "ஆறு மி.லி." என்று பழகிய அம்மா சொட்டு மருந்தில் ஆறு கொடுத்தால் 600 மி.கி., அதாவது நான்கு மடங்கு. திரும்பத் திரும்பக் கொடுத்தால் கல்லீரல் கெடும். ஆகவே பட்டியலில் மருந்தின் பெயர் மட்டும் போதாது, எந்த வீரியம் என்பதும் இருக்க வேண்டும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ்.ஸிலும் இதே கதைதான். 4.2 கிராம் பாக்கெட் 200 மி.லி.க்கு, 21 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்காகி, குழந்தைக்கு வலிப்பே வரலாம். ஏதாவது ஒரு அளவை மட்டும் எழுதுங்கள். கூடவே துத்தநாகம் 20 மி.கி., 14 நாள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 10 மி.கி.

உலக சுகாதார நிறுவனம் 1977-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வெளியிட்டது. இந்தியாவின் 2022 பட்டியலில் 384 மருந்துகள். அது நாடு முழுமைக்கும். ஒரு சிறு கிளினிக்குக்கு நாற்பது, ஐம்பதே தாராளம். கிளினிக்குக்கு என்னென்ன நோய்கள் வருகின்றன என்று இரண்டு வாரம் நோட்டில் குறித்தால் பட்டியல் தானாகத் தெரியும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 என்று தொடங்கலாம். ஆன்டிபயாடிக் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். சளி மாத்திரைக் கலவைகளைச் சேர்க்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து; அவற்றில் பலவற்றுக்குள் பாராசிட்டமால் இருப்பது தெரியாமல் தனியாகவும் அதை விழுங்குகிறார்கள்.

புதிய மருந்து ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். அட்ரீனலினை மட்டும் எந்த நாளும் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். ஊசி போட்டு ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால், பெரியவருக்கு 1 மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஆம்பூலில் (சிறு கண்ணாடிக் குப்பி) அரை மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். மாதம் பிறந்ததும் காலாவதித் தேதியைப் பாருங்கள். மருந்து பழுப்பாகியிருந்தால் தேதி மிச்சம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.